காப்பிக் கொட்டை இல்லாத காப்பி

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

நம் இல்லங்களில் பொழுது விடிந்ததைக் கோழி அறிவிக்கிறதோ இல்லையோ, காப்பியின் மணம் அறிவித்துவிடும். விருந்தினர் வந்தாலும் காப்பி, தலைவலி என்றாலும் காப்பி, பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்க வேண்டும் என்றாலும் காப்பி என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் இந்தக் காப்பி எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. இரவில் உறக்கம் வராமல் தவிக்கும் பாட்டிமார், நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவரிடம் செல்வோர், குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் தாய்மார் ஆகியோரிடம், "காப்பியைக் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். ஆண்டாண்டு காலமாக அருந்திய ஒன்றைத் திடீரென்று விடுவது எளிதன்று. வீட்டில் எல்லோரும் காப்பி அருந்தும்போது ஒருவர் மட்டும் வெறும் பாலை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இவர்களுக்குக் காப்பியின் நிறமும் மணமும் கசப்பும் உடைய, ஆனால் காப்பியின் தீங்கு இல்லாத ஒரு பானம் உண்டா? உண்டு. கிழங்குகளையும் பயறுகளையும் வறுத்து அரைத்து அப்பானத்தைச் செய்யலாம். அது எவ்வாறு இயலுகிறது, அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காஃபீன் செய்யும் வேலை

காப்பிக்கு ஊக்கம் தரும் ஆற்றலைக் கொடுப்பது காஃபீன் என்னும் வேதிப்பொருள். செர்மானியக் கவிஞர் கதே தம்மிடமிருந்த காப்பிக் கொட்டைகளை ரூங்கே என்ற இளம் வேதியியலாரிடம் கொடுத்து, இவற்றை ஆராய்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ரூங்கே 1819ஆம் ஆண்டில் அவற்றிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். தேயிலையிலும் கோக்கோ விதையிலும்கூட இப்பொருள் உண்டு. ஆகவே காப்பிக்குப் பதிலாகத் தேநீர் அருந்துவோர் காஃபீனைக் குறைக்கிறார்களே தவிர, அதை விட்டுவிடுவதில்லை.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேருகிறது. "களைப்பாக இருக்கிறது, உறங்கு" என்ற செய்தியைக் கொண்டுவரும் தூதுவன் அது. காஃபீன் அந்தத் தூதுவன் அமர வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. அதனால் களைப்பின் செய்தி மூளைக்கு எட்டுவதில்லை. களைப்பு நீங்கிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் களைப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஒரு குவளைக் காப்பியில் பொதுவாக 80 முதல் 100 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும். அதில் பாதி நம் உடலை விட்டு நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. இரவு 9 மணிக்குக் காப்பி அருந்திய மாணவியின் உடலில் அதிகாலை 2 மணிக்கும் பாதிக் காஃபீன் தங்கியிருக்கும். பிறகு படுத்தாலும் உறக்கம் ஆழமாக வருவதில்லை. பகலில் படித்ததை மனத்தில் நிலைநிறுத்தும் வேலை உறக்கத்தில்தான் நடைபெறுகிறது என்பதால், பொதுத் தேர்வு எழுதவிருக்கும் நமக்கு இது சிறிய செய்தியன்று. கருவுற்ற தாய்மாரின் உடலிலோ காஃபீன் இன்னும் நெடுநேரம் தங்குகிறது. அது கருவிலுள்ள குழந்தையையும் சென்றடைகிறது. அதனால் அவர்கள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கொள்ளலாகாது என்று பல நாட்டு மருத்துவர்களும் அறிவுறுத்துகிறார்கள்.

சுவையைத் தருவது நெருப்பே

இங்கே நாம் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். காப்பியின் மணத்திற்கும் நிறத்திற்கும் காஃபீன் காரணமன்று. அதன் கசப்பில்கூடக் காஃபீனின் பங்கு சிறிதுதான். வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையில் காஃபீன் நிறைய இருக்கிறது. ஆயினும் அதை முகர்ந்து பார்த்தால் காப்பி மணம் வருவதில்லை. புல்லையும் பச்சைப் பயற்றையும் போன்ற மணமே வரும்.

கொட்டையை வறுக்கும்போது முதலில் ஈரம் ஆவியாகிறது. பிறகு அதிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912ஆம் ஆண்டில் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் என்பவரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. தோசை முறுகுவதும், ரொட்டியின் மேற்புறம் சிவப்பதும், வேர்க்கடலை வறுபடும்போது தெருவெல்லாம் மணப்பதும் இவ்வினையால்தான்.

ஆகவே சர்க்கரை அல்லது மாவுச்சத்தும் சிறிது புரதமும் உள்ள எந்தக் கிழங்கை அல்லது பயற்றை வறுத்தாலும் காப்பியை ஒத்த மணமும் நிறமும் கிடைக்கும். அந்தக் கிழங்கிலும் பயற்றிலும் காஃபீன் இயற்கையிலேயே இல்லாததால், எவ்வளவு வறுத்தாலும் அது வரப்போவதில்லை.

சிக்கரியின் கதை

இவ்வகைப் பொருள்களில் புகழ் பெற்றது சிக்கரி. பலர் இதை ஏதோ ஒரு கொட்டை என்று எண்ணுகிறார்கள். இது ஒரு செடியின் வேர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடி நீல நிறப் பூக்களைப் பூக்கும். அதன் வேர் முள்ளங்கியைப் போலத் தடித்து நீண்டிருக்கும். நம் நாட்டில் குஜராத்தின் ஜாம்நகர்ப் பகுதியிலும் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா பகுதியிலும் சிக்கரி பயிராகிறது. தமிழ் மருத்துவத்தில் காசினி என்று வழங்குவதும் இச்செடியே.

சிக்கரி வேரில் மாவுச்சத்துக்குப் பதிலாக இன்யூலின் என்ற பொருள் நிறைந்துள்ளது. பச்சை வேரின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இதுவே. வேரைக் கழுவி, துண்டுகளாக்கி, உலர்த்தி வறுக்கும்போது இன்யூலினில் ஒரு பகுதி உடைந்து பழச் சர்க்கரையாகி, அச்சர்க்கரை கருகத் தொடங்கும் நிலைக்கு வந்து பழுப்பாகிறது. சிக்கரியின் கருநிறத்திற்கும் இனிப்பு கலந்த கசப்பிற்கும் இதுவே காரணம்.

மக்கள் சிக்கரியைத் தேடிப் போனதற்குப் பெரும்பாலும் அரசர்களும் போர்களுமே காரணம். காப்பி வாங்குவதற்காகத் தம் நாட்டுப் பணம் வெளிநாடு செல்வதைப் பொறுக்காத பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக், 1781ஆம் ஆண்டில் காப்பி வறுக்கும் உரிமையை அரசுக்கே உரியதாக்கினார். வீடுகளில் திருட்டுத்தனமாகக் காப்பி வறுக்கிறார்களா என்று தெருத்தெருவாக மோப்பம் பிடிக்க, ஓய்வு பெற்ற படைவீரர்களை அமர்த்தினார். ஏழை மக்கள் சிக்கரி வேரை வறுக்கத் தொடங்கினார்கள். 1806ஆம் ஆண்டில் நெப்போலியன் இங்கிலாந்துடன் வாணிகம் செய்யக்கூடாது என்று ஆணையிட்டபோது பிரான்சிலும் காப்பி அரிதாகிச் சிக்கரி பரவியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. அங்கிருந்த பெண்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெண்டை விதை, ரை தானியம், ஓக் மரக் கொட்டை ஆகியவற்றையெல்லாம் வறுத்துக் காப்பி செய்தார்கள். நாம் சுண்டல் செய்யும் கொண்டைக்கடலையும் முதல் உலகப் போரின்போது செர்மனியின் சில பகுதிகளில் இதற்காகவே பயிரிடப்பட்டது.

பஞ்சத்திற்காக மட்டுமன்றி உடல்நலத்திற்காகவும் இவ்வழியைக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பவேரியாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு அருட்தந்தை செபஸ்தியான் நைப். 1821ஆம் ஆண்டில் ஓர் ஏழை நெசவாளரின் மகனாகப் பிறந்த அவர், 1855ஆம் ஆண்டு முதல் வோரிஸ்ஹோஃபன் என்ற ஊரில் தொமினிக்கன் கன்னியர் மடத்தில் ஆன்ம குருவாகப் பணியாற்றினார். தண்ணீரைக் கொண்டு நோய் தீர்க்கும் முறையால் பெயர் பெற்ற அவர், முளைவிட்ட வாற்கோதுமையை வறுத்துச் செய்யும் காப்பியைத் தம்மை நாடி வந்தவர்களுக்குப் பரிந்துரைத்தார். அவருடைய பெயரையும் உருவப்படத்தையும் தாங்கிய மால்ட் காப்பி உறைகள் செர்மானிய இல்லங்களில் நெடுங்காலம் புழங்கின.

உறையைப் படியுங்கள்

இங்கே பெற்றோர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. "சிக்கரி கலந்த காப்பிதானே, ஒன்றும் செய்யாது" என்று கூறி, உறக்கமில்லாத முதியவர்களுக்கு இரவில் அதைக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சிக்கரியில் காஃபீன் இல்லை என்பது உண்மை. ஆனால் சிக்கரி கலந்த காப்பியில் காஃபீன் இல்லை என்பது தவறு.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையக்கூடாது. இரண்டின் அளவையும் உறையின்மேல் அச்சிட வேண்டும். அதாவது, எந்தக் கலவையை வாங்கினாலும் அதில் பாதிக்கு மேல் காப்பியே இருக்கும்.

இதில் ஒரு சிறு கணக்கும் உண்டு. காப்பிக் கொட்டையில் அரபிக்கா, ரொபஸ்டா என்று இரு வகைகள் உள்ளன. அரபிக்காவில் ஏறத்தாழ 1.2 விழுக்காடும், ரொபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 விழுக்காடும் காஃபீன் உண்டு. ரொபஸ்டாவைப் பாதியும் சிக்கரியைப் பாதியும் கலந்தால் அக்கலவையில் காஃபீன் 1.1 விழுக்காடு. சிக்கரியே கலவாத அரபிக்காத் தூளில் 1.2 விழுக்காடு. இரண்டிற்கும் வேறுபாடு எவ்வளவு என்பதை நீங்களே பாருங்கள். காஃபீன் வேண்டாம் என்பவர்கள் காப்பி அரைக்கும் கடையில் காப்பி கலவாத தனிச் சிக்கரித் தூள் என்று கேட்டு வாங்க வேண்டும்.

தூளில் சிக்கரி இருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை நிரப்பி, அசைக்காமல் வைத்து, ஒரு தேக்கரண்டித் தூளை மேலே தூவுங்கள். காப்பித்தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் மூழ்கத் தொடங்கி, தன் பின்னே பழுப்பு நிறக் கோடுகளை விட்டுச் செல்லும். நாங்கள் அறிவியல் கண்காட்சியில் இச்சோதனையைச் செய்து காட்டியபோது பார்வையாளர்கள் அதிகமாகக் கூடிய மேசை எங்களுடையதே.

செய்முறை

எங்கள் அறிவியல் மன்றத்தில் ஆசிரியையின் மேற்பார்வையில் மூன்று தூள்களைச் செய்து பார்த்தோம். முறைகளைக் கீழே தருகிறோம்.

கொண்டைக்கடலைத் தூள்: 250 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையைக் கழுவி வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். அடி கனத்த இரும்பு வாணலியில் சிறு தீயில் இட்டு, கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் தோல் வெடித்து வறுகடலையின் மணம் வரும். அத்துடன் நிறுத்திவிடாமல், உள்ளே உள்ள பருப்பும் காப்பிக் கொட்டையின் பழுப்பு நிறத்தை அடையும்வரை வறுக்க வேண்டும். ஒரு கடலையை உடைத்துப் பார்த்தால் தெரியும். உடனே அகன்ற தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகிவிடும். ஆறியபின் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். சோயா மொச்சையையும் இவ்வாறே வறுக்கலாம். ஆனால் அதில் எண்ணெய் மிகுதியாதலால் தூள் விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும். சிறிது சிறிதாகச் செய்துகொள்வதே நல்லது.

சர்க்கரைவள்ளித் தூள்: ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, பட்டாணி அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, மெல்லிய துணியால் மூடி மூன்று நான்கு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். ஒடித்தால் ஓசையுடன் ஒடிய வேண்டும். ஈரம் இருந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். காய்ந்தபின் ஏறத்தாழ 300 கிராம் கிடைக்கும். இதில் சர்க்கரை மிகுதியாதலால் கடலையைவிட விரைவில் சிவக்கும். கண்ணை எடுக்காமல் வறுக்க வேண்டும்.

சிக்கரித் தூள்: பச்சை வேர் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பதில்லை. ஆகவே கடையில் வறுத்து அரைத்த தூளையே வாங்கினோம். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். இறுக மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

இத்தூள்களைக் காப்பி வடிகட்டியில் இட்டால் மாவுச்சத்து ஊறித் துளைகளை அடைத்துக்கொள்ளும். ஆகையால் ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டித் தூளை இட்டு, 5 நிமிடம் கொதிக்க வைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சிக்கரிக்கு அரைத் தேக்கரண்டியே போதும். அதில் நீரில் கரையும் பகுதி காப்பியில் உள்ளதைவிட இரு மடங்குக்கும் அதிகம்.

மூன்றில் கடலைத் தூள் நல்ல கெட்டியையும் வறுத்த மணத்தையும் தந்தது. ஆனால் கசப்புக் குறைவு. சர்க்கரைவள்ளியில் இனிப்பு மிகுதி. சிக்கரியில் கசப்பு மிகுதி, மணம் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கும் என்று எண்ணி, கடலைத் தூள் மூன்று பங்கும், சர்க்கரைவள்ளித் தூள் ஒரு பங்கும், சிக்கரி ஒரு பங்கும் கலந்து, சூடான பாலும் சர்க்கரையும் சேர்த்து எங்கள் ஆசிரியைகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் அளித்தோம். காப்பியேதான் என்று ஒருவரும் ஏமாறவில்லை. ஆயினும், பெரும்பாலோர் இரண்டாம் குவளை கேட்டார்கள்.

நம் பாட்டிமாரின் காப்பி

காப்பிக் கொட்டை இல்லாத காப்பி நமக்குப் புதியதன்று. தனியா விதையை மணம் வர வறுத்துப் பொடித்துச் செய்யும் மல்லிக் காப்பியும், சுக்கும் மிளகும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியுடன் கொதிக்க வைக்கும் சுக்குக் காப்பியும் நம் வீடுகளில் வழங்கி வருகின்றன. சுக்கு என்பதும் மண்ணுக்குள் விளையும் இஞ்சியைக் காய வைத்ததுதானே! இவற்றிலும் காஃபீன் இல்லை. நாம் சளி பிடித்தால் மட்டும் இவற்றை நினைத்துக்கொள்கிறோம். மற்ற நாள்களிலும் மாலைக் காப்பிக்குப் பதிலாக இவற்றை அருந்தலாம்.

எச்சரிக்கை

எதை வறுத்தாலும் காப்பி மணம் வரும் என்று கூறினோம். மணம் வருவதெல்லாம் உண்ணத் தக்கது என்று கூறவில்லை. சாலையோரங்களில் மஞ்சள் பூவுடன் வளரும் பேயாவிரை என்ற செடியின் விதையை வறுத்துக் காப்பியாகப் பயன்படுத்தும் வழக்கம் ஆப்பிரிக்காவிலும் வேறு நாடுகளிலும் இருந்தது. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் ஆண்டுதோறும் சிறு குழந்தைகள் காய்ச்சல் போன்ற ஒரு நோயால் திடீரென்று இறந்து வந்தார்கள். இதை ஆராய்ந்த மருத்துவர்கள், அக்குழந்தைகள் விளையாட்டாகத் தின்ற பேயாவிரை விதையே காரணம் என்று 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவ்விதை கல்லீரலையும் தசைகளையும் மூளையையும் தாக்கியிருந்தது. ஆகவே தெரியாத செடியின் விதையையோ வேரையோ சோதித்துப் பார்க்க ஒருநாளும் முற்படாதீர்கள். உங்கள் தம்பி தங்கையர் அவற்றைப் பறித்துத் தின்னாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உணவாக நாம் நாள்தோறும் உண்ணும் கிழங்கும் பயறுமே இதற்குப் போதும்.

இரண்டாவதாக, பழுப்பாக வறுக்க வேண்டுமே தவிரக் கரியாக்கக்கூடாது. மாவுப் பொருள்களை மிகுந்த வெப்பத்தில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். காப்பியிலும் அது உண்டு, சிக்கரியில் அதைவிட மிகுதியாகவும் உண்டு. ஆகவே நாளுக்கு ஓரிரு குவளையுடன் நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

மூன்றாவதாக, சிக்கரியின் இன்யூலின் சிலருக்கு வயிற்றில் வாயுவை உண்டாக்கும். சோயாவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கருவுற்ற தாய்மாரும் மருந்து உண்போரும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அருந்துவதே முறை. இது மருந்தன்று, ஒரு பானம் மட்டுமே.

அன்புத் தோழியரே! காப்பி தீயது, அதை ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காலையில் அளவாக அருந்தும் காப்பியால் நலமாக உள்ளோருக்குத் தீங்கில்லை. ஆனால் காப்பியை விட வேண்டியவர் நம் இல்லத்தில் ஒருவர் இருந்தால், அவரை எல்லோரும் அருந்தும் வேளையில் வெறுங்கையுடன் அமர வைக்க வேண்டியதில்லை. கால் கிலோ கடலையும் அரைமணி நேரப் பொறுமையும் போதும். வரும் விடுமுறையில் உங்கள் அன்னையின் துணையுடன் செய்து, பாட்டிக்கு முதல் குவளையைக் கொடுங்கள். தேர்வுக்கு முந்திய இரவில் உங்களுக்கும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டு, பத்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்.